காலி வீதியிலே ஒரு போசன ஆராய்ச்சி

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபொழுது, கல்லூரி அதிபர்களின் பணிகளை எழுதவல்லார் பலர் உளர் என்பதையும், துடுப்பாட்டப் போட்டிகளின் வெற்றி தோல்விகளை ஆண்டு தவறாது ஒப்புவிக்க வல்லார் அவரினும் பலர் உளர் என்பதையும் நாம் அறிந்திருந்தோம். வயிற்றைப் பற்றி எழுத முன்வந்தார் ஒருவரும் இலர். கல்லூரியை விட்டு நீங்கிய பழைய மாணவர் எங்கே கூடினர், எதனை உண்டுகொண்டு கல்லூரிக் கதை பேசினர் என்பதும் அதன் வரலாற்றிலே ஒரு பகுதியே என்று துணிந்து இதனை எழுதுகின்றோம்.

ஒரே வகுப்பிற் பயின்ற நாம் நால்வர், இலிகிதர் பரீட்சையிலே சித்தியெய்தி, 1964ஆம் ஆண்டிலே யாழ்தேவியிற் கொழும்புக்கு வந்து சேர்ந்தோம். வெள்ளவத்தையிலே கடற்பக்கத்து ஒழுங்கையொன்றில் எமக்கு ஓர் அறை கிடைத்தது. இரவிலே புகையிரதம் போனாற் கட்டில் நடுங்கும். அறையிலே அடுப்பு மூட்டுவதற்கு வீட்டுக்கார அம்மையார் அனுமதி தரவில்லை. ஆகவே காலையுணவுக்கும் இரவுணவுக்கும் காலி வீதியே கதியாயிற்று. வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரையும் சைவ போசனசாலைகளுக்குக் குறைவில்லை. தென்னிந்தியர் நடத்தியவை சில. எம்மூரவர் நடத்தியவை சில. இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை வாசலிலேயே மூக்கு உரைத்துவிடும்.

மாணவப் பருவத்துச் சங்கப் பழக்கம் எம்மை விட்டு நீங்காமையால், இதற்கும் ஒரு யாப்பு வகுத்தோம். சம்பளம் பெற்ற பின் வரும் முதற் சனிக்கிழமை, அதுவரை கால்வைக்காத ஒரு கடைக்குச் செல்ல வேண்டும். ஒருமுறை சென்ற கடைக்கு அவ்வாண்டிலே சனிக்கிழமைச் சபை மீண்டும் கூடலாகாது. தீர்ப்பு உழுந்து வடையைக் கொண்டே வழங்கப்படும். ஓர் அப்பியாசக் கொப்பியிலே, கல்லூரித் தேர்ச்சி அறிக்கையைப் போன்றே, கடைக்கு நூற்றுக்கு இத்தனை புள்ளி என்று பதிந்து வந்தோம். எண்பதுக்கு மேல் எந்தக் கடையும் பெற்றதில்லை. எமது கணித ஆசிரியரின் கை எம்மிடமும் வந்துவிட்டது போலும்!

வடையைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. தோசையின் குற்றத்தைச் சாம்பார் மறைத்துவிடும். இட்டலியின் குற்றத்தைச் சட்டினி மறைத்துவிடும். வடைக்கு மறைவிடம் இல்லை. அரைக்கும்போது நீர் மிகுந்தால் அது எண்ணெயைக் குடித்துக்கொண்டு இலையிலே வழுக்கும். நேற்றைய எண்ணெயிற் பொரித்ததாயின் முதற்கடியிலேயே தெரிந்துவிடும். மேல் மொறுமொறுத்தும் உள் பஞ்சு போன்றும் இருக்கும் வடையைச் சுடும் கை ஒரு நாளில் வாய்ப்பதன்று.

தோசை விடயத்திலே எம்முள் இரு கட்சிகள் இருந்தன. வெந்தயம் சேர்த்து அரைத்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கலந்து, சற்றுத் தடிப்பாக வார்த்து, இடித்த சம்பலோடு உண்பதே தோசை என்பது ஒரு கட்சி. மெல்லியதாய் முறுகலாய்க் கல்லின் அகலத்துக்கு விரியும் நெய்த்தோசையே தோசை என்பது மற்றையது. இவ்வழக்கு அறுபது ஆண்டு கடந்தும் தீர்க்கப்படவில்லை. நாம் முதற் கட்சி.

அக்கடைகளின் வழக்கமொன்றை இளைய மாணவருக்குச் சொல்லுதல் தகும். மேசையில் அமர்ந்தவுடன், கேளாமலே, வடை, போண்டா, வாய்ப்பன் முதலியன நிரம்பிய தட்டொன்றைக் கொணர்ந்து வைப்பர். வேண்டியதை எடுத்து உண்ணலாம். எழும்போது பரிமாறுபவர் எஞ்சியவற்றை எண்ணிப் பார்த்து, உண்டவற்றுக்கு மட்டும் கணக்குச் சொல்லுவார். அதனைக் காசாளர் மேசைக்கு உரத்த குரலிலே அறிவிப்பார். எத்தனை வடை உண்டீர் என்பதைக் கடை முழுவதும் அறிந்துகொள்ளும்!

எமது நால்வருள் ஒருவர் இவ்வாராய்ச்சியிலே மற்றையோரினும் ஊக்கமுடையவராய் இருந்தார். இக்கட்டுரை பெரிதும் அவரைப் பற்றியதே. அவர் விருப்பப்படி பெயரைக் குறிப்பிடாது விடுகின்றோம்.

பாடசாலை நாட்களிலே, பிற்பகல் விளையாட்டு முடிந்ததும் மாணவர் சந்தியிலுள்ள தேநீர்க்கடைக்குச் செல்வர். நண்பர் வருவதில்லை. சென்றிருந்தால் அவருக்கு வாங்கிலே இடம் இராது. வெளியே நிற்க வைத்துப் போத்தலிலோ சிரட்டையிலோ தேநீர் வார்ப்பர். கடையிலே ஒருவருக்கு அவர் பிறந்த குலங் காரணமாக இடமறுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டிலே நிறைவேறியது. அப்பொழுது நாம் பன்னிரண்டு வயதினர். சட்டம் கொழும்பிலே நிறைவேறியதேயன்றி எமது சந்தி வரை வந்து சேரவில்லை.

காலி வீதியிலே பரிமாறுபவர் "என்ன வேணும்?" என்று கேட்டார். "எவ்விடம்?" என்று கேட்கவில்லை. இவ்விரு கேள்விகளுக்கும் இடையேயுள்ள தூரத்தை நண்பர் நன்கு அறிவார். எந்தக் கடைக்குட் புகுந்தாலும் நடுவிலே, மின்விசிறியின் கீழ் உள்ள மேசையைத் தேர்ந்து அமர்வார். தேநீரை ஆறவிட்டு மெல்லக் குடிப்பார்.

1965ஆம் ஆண்டிலே எம்மூரவர் ஒருவரின் கடைக்குச் சென்றோம். வடை எழுபத்திரண்டு புள்ளி பெற்றது. காசாளர் முகமலர்ந்து எம் ஒவ்வொருவரையும் விசாரித்தார். நண்பரின் முறை வந்தது.

"தம்பி எவ்விடம்?"

ஊரைச் சொன்னார்.

"ஊரிலை எந்தக் குறிச்சி?"

அதையும் சொன்னார். காசாளர் பின்பு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது முறை தேநீர் வந்தபொழுது மூன்று பளபளக்கும் தம்ளர்களும் விளிம்பு உடைந்த கண்ணாடிக் குவளையொன்றும் வந்தன. குவளை நண்பரின் முன் வைக்கப்பட்டது. நாம் எழுந்துவிட முனைந்தோம். நண்பர் எம் கையைப் பிடித்து இருத்தி, பரிமாறிய பையனை அழைத்து, "எனக்கும் உந்த மாதிரித் தம்ளரிலை கொண்டு வாரும்" என்றார். குரல் உயரவில்லை. பையன் காசாளரைப் பார்த்தான். காசாளர் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தார். தம்ளர் வந்தது. அன்று நால்வருக்கும் பணம் செலுத்தியவர் நண்பரே.

அடுத்த மாதம் எந்தக் கடை என்று பேச்சு எழுந்தபொழுது, "அதே கடை" என்றார். யாப்பு இடங்கொடாது என்றோம். "அப்ப யாப்பை மாத்துவம், மச்சான்" என்றார். யாப்புத் திருத்தப்பட்டது. அந்த மாதம் மட்டுமன்று, தொடர்ந்து பதினொரு மாதம் அதே கடையிலே, காசாளருக்கு நேரெதிரான மேசையிலே சபை கூடிற்று. புள்ளி எழுபத்திரண்டிலிருந்து ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. நண்பர் வடை விடயத்திலே நடுநிலை தவறாதவர்.

பதினோராம் மாதம் காசாளர் தயங்கித் தயங்கி எமது மேசைக்கு வந்தார். கையிலே சிங்களத்தில் அச்சிட்ட விண்ணப்பப் படிவம் ஒன்று இருந்தது. அரச ஊழியர் சிங்களத் தேர்ச்சி பெறல் வேண்டும் என்ற விதியினால் நாமெல்லாம் அம்மொழி பயின்றுகொண்டிருந்த காலம் அது. நண்பர் ஒருவரே சித்தியெய்தியிருந்தார். அதனைக் காசாளர் எவ்வாறோ அறிந்திருந்தார். அவர் பேனாவை நீட்டினார். நண்பர் தமது சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, படிவத்தை நிரப்பி, கையொப்பம் இடவேண்டிய இடத்தைக் காட்டிக் கொடுத்தார். அன்று தேநீருக்குக் கணக்குச் சொல்ல வேண்டாம் என்று காசாளர் பையனுக்குச் சைகை காட்டினார். நண்பர் நான்கு தேநீருக்கும் உரிய பணத்தை எண்ணி மேசையிலே வைத்துவிட்டு வந்தார். அதன் பின்னரே வேறு கடை தேடச் சம்மதித்தார்.

1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சாதிக் கொடுமைக்கு எதிரான ஊர்வலம் நடைபெற்றது. அதற்கு முன்னரே நண்பர் லீவு பெற்று ஊருக்குச் சென்றுவிட்டார். திரும்பி வந்தபொழுது நெற்றியிலே கட்டு இருந்தது. அதன்பின் வந்த ஆண்டுகளிலே தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் நடந்த பிரவேசப் போராட்டங்களை மலரின் வாசகர் அறிவர். எமது சந்திக் கடையின் வாங்கிலே நண்பர் எப்பொழுது அமர்ந்தார் என்று நாம் கேட்டதில்லை. அமர்ந்தார் என்பது மட்டும் தெரியும்.

1983ஆம் ஆண்டு யூலை மாதம் காலி வீதியிலே தமிழர் கடைகள் எரிந்தன. எழுபத்திரண்டு புள்ளிக் கடையும் எரிந்தது. மின்விசிறியின் இறக்கைகள் பூவிதழ்போல் மடிந்து தொங்கியதை முகாமுக்குச் செல்லும் வழியிலே கண்டோம். அந்தக் காசாளரை அதன்பின் நாம் காணவில்லை. அப்பியாசக் கொப்பியும் எமது அறையோடு போயிற்று. நண்பர் கனடாவுக்குச் சென்றார். நால்வருள் ஒருவர் ஊரிலே காலமானார்.

அண்மையிலே நண்பர் கொழும்புக்கு வந்தார். எஞ்சிய நாம் மூவரும் மீண்டும் காலி வீதியிலே நடந்தோம். ஒழுங்கைகளிலே மாடிக் குடியிருப்புகள் வானளாவ நிற்கின்றன. கடலோரமாக மரைன் டிரைவ் ஓடுகின்றது. மாலையானாற் கொத்துரொட்டித் தகடுகளின் ஓசை பல திசையினின்றும் எழுகின்றது. சரஸ்வதி லொட்ஜிலே உண்டோம், கிறீன்லண்ட்ஸிலே உண்டோம், இராமகிருஷ்ண வீதியிலே சண்முகாஸிலும் உண்டோம். புள்ளிகளை இங்கே வெளியிடுதல் முறையன்று. மருத்துவர் விதித்த கட்டுப்பாடு காரணமாக மூவரும் ஒரு வடையைப் பகிர்ந்துகொண்டோம் என்பதை மட்டும் சொல்லலாம்.

ஒரு கடையிலே பரிமாறிய இளைஞர் மலையகத்தவர். நண்பர் அவரிடம் ஊரைக் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு வேலை முடியும் என்றும், உண்பதற்கு இருக்கை உண்டா என்றும் கேட்டார். இளைஞர் சிரித்துவிட்டு வேறு மேசைக்குச் சென்றார். நண்பர் புதிய அப்பியாசக் கொப்பியொன்று வாங்கியிருக்கின்றார். அதிலே ஒரு கட்டம் கூடுதலாக வரையப்பட்டுள்ளது: பரிமாறுவோர் எங்கே அமர்ந்து உண்கின்றனர் என்பதற்கு. வெள்ளவத்தைப் பக்கத்திலே இன்னும் மூன்று கடைகள் எஞ்சியுள்ளன. நண்பரின் விமானம் வியாழக்கிழமை இரவு.