பதினேழாவது கையெழுத்து

எங்கள் சாலின் மூன்றாவது மாடித் தாழ்வாரத்தில் பாய் விரித்து அந்தக் கூட்டம் நடந்தது. 2010ம் ஆண்டு மழைக்காலம். தெற்கு மும்பையின் கிர்காவில் நூறு வயதைத் தொட்டுக்கொண்டிருந்த கட்டடம் அது. மொத்தம் 24 குடித்தனங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, தாழ்வாரக் கோடியில் பொதுக் கழிப்பறை, மாத வாடகை 90 ரூபாய். 1961ல் திருநெல்வேலியிலிருந்து வந்த என் அப்பா, ‘பகடி’ எனப்படும் முன்பணம் கொடுத்துப் பிடித்த அறையில்தான் நான் பிறந்தேன்.

பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஒரு பில்டர் முன்வந்திருந்தார். குடும்பத்துக்கு 300 சதுர அடியில் இலவச ஃப்ளாட். கட்டி முடியும்வரை வெளியே தங்க மாத வாடகை. அன்றைய விதிப்படி 70 சதவீதக் குடித்தனக்காரர்கள் சம்மதிக்க வேண்டும். எங்கள் கணக்கில் 17 கையெழுத்து. 16 வந்துவிட்டது.

நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர், வங்கியில் வேலை. அன்று என் கையில் ஒரு பத்திரிகைப் படம் இருந்தது. பக்கத்திலேயே சர்னி ரோடு பகுதியில் வரவிருந்த ‘இந்தியா டவர்’. 126 மாடிகள், 700 மீட்டருக்கும் அதிக உயரம். உள்ளே பார்க் ஹயாத் ஹோட்டல், கடைகள், சொகுசு வீடுகள். துபாயில் 828 மீட்டர் புர்ஜ் கலீஃபா அந்த ஜனவரியில்தான் திறக்கப்பட்டிருந்தது. அதற்கு அடுத்தபடியாக நம் தெருவுக்குப் பக்கத்தில் ஒன்று! “இது வந்தால் இங்கே மண் பொன்னாகும். எந்த பில்டராவது பாதியில் விட்டுப் போவானா?” என்று படத்தை உயர்த்திக் காட்டிப் பேசினேன். எனக்கு யாரும் லஞ்சம் தரவில்லை. அந்தப் படமே போதுமானதாக இருந்தது.

மிச்சமிருந்தவர்களில் எல்லோரும் மதிக்கும் ஒரு மராட்டிய மூதாட்டி இருந்தார். நாங்கள் அவரை ‘ஆஜி’ என்போம், பாட்டி. என் அம்மா வேலைக்குப் போன நாட்களில் எனக்குச் சோறு போட்டவர். படத்தைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். “பாளா, அந்தக் கட்டடம் வரட்டும். நம் கட்டடம் வருமா?” என்று கேட்டார். நான் சிரித்தேன். “என்னை நம்ப மாட்டீர்களா ஆஜி?” என்றேன். எழுத்துக் கூட்டிப் பெயரை எழுதினார். பதினேழாவது கையெழுத்து.

நட்சத்திர ஹோட்டலையும் சொகுசு வீடுகளையும் ஒரே கட்டடத்தில் அடுக்குவதற்குக் காரணம் உண்டு. ஹோட்டலில் போட்ட முதல் திரும்பப் பல வருடங்கள் ஆகும். வீடுகளையோ அஸ்திவாரம் போடும்போதே விற்று முன்பணம் வாங்கலாம். கட்டட வேலைக்கு அது உதவும். பதிலுக்கு ஹோட்டலின் பெயரும் சேவையும் வீடுகளின் விலையை ஏற்றும். ஆக, கட்டடம் எழும்புமுன் விற்பனையாவது படம்தான். எங்கள் சிறிய கட்டடத்தின் கணக்கும் இதுவே. மேல் மாடிகளை வெளியாருக்கு விற்று வரும் பணத்தில்தான் எங்களுக்கு இலவச வீடு. விற்பனை தடைப்பட்டாலோ அனுமதி சிக்கினாலோ முதலில் நிற்பது வாடகைப் பணம். முன்பணம் கட்டியவர் இழப்பது பணத்தை. எங்களைப் போன்றவர்கள் முன்கூட்டியே கொடுத்தது, குடியிருந்த வீட்டையே.

2011 தொடக்கத்தில் எங்கள் சால் இடிக்கப்பட்டது. அதே ஆண்டில், மாநகராட்சியுடனான தகராறால் இந்தியா டவர் வேலை நின்றது. 2015ல் திட்டமே கைவிடப்பட்டது. மும்பையில் உயரக் கனவுகள் சுருங்குவது புதிதல்ல. லோயர் பரேலில் பழைய ஸ்ரீநிவாஸ் மில் நிலத்தில் 442 மீட்டர் என்று 2010ல் அறிவிக்கப்பட்ட வேர்ல்ட் ஒன், விமான நிலைய ஆணையத்தின் அனுமதி கிடைக்காததால் 280 மீட்டரோடு முடிந்தது. அதிலாவது இன்று ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

எங்களுக்கு வாடகை 22 மாதம் வந்தது. பிறகு காசோலைகள் திரும்பின. பிறகு காசோலையும் வரவில்லை. எனக்குச் சம்பளம் இருந்தது, சமாளித்தேன். ஆஜியும் அவர் மகனும் விரார் பக்கம் ஒற்றை அறைக்குப் போயிருந்தார்கள். நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. சாலில் கதவைத் திறந்தால் தாழ்வாரம், தாழ்வாரம் முழுக்க மனிதர்கள். அங்கே கதவைத் திறந்தால் எதிர்க் கதவு. நான் போய்ப் பார்த்தபோதெல்லாம் தேநீர் கொடுத்தார். கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. 2014ல் இறந்துபோனார். தகனம் முடிந்து திரும்பும்போது மகன்தான் கேட்டார்: “நீங்கள் பேங்க்காரர். உங்களுக்குமா தெரியவில்லை?”

பதில் சொல்ல முடியவில்லை. சொத்துப் பத்திரம் இல்லாமல், படத்தைக் காட்டிக் கடன் கேட்டவருக்கு நான் பத்து ரூபாய்கூடக் கொடுத்ததில்லை. ஆஜியின் அறையை மட்டும் படத்தை நம்பிக் கொடுக்கச் செய்தேன்.

எங்கள் இடத்தைச் சுற்றி இன்னும் தகரத் தடுப்பு நிற்கிறது. பாதியில் நின்ற இத்தகைய திட்டங்களை வீட்டுவசதி ஆணையமான ம்ஹாடாவே ஏற்று முடிக்க வழி செய்யும் மாநிலச் சட்டத் திருத்தம், 2022ல் ஜனாதிபதியின் ஒப்புதல் பெற்றது. நாங்களும் மனு கொடுத்திருக்கிறோம்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கிர்காவில் எந்தச் சாலில் கூட்டம் என்றாலும் போய் உட்காருகிறேன். முழுக் காலத்துக்குமான வாடகைக்கு வங்கி உத்தரவாதம் உண்டா? எல்லா அனுமதிகளும் வந்த பிறகுதான் இடிப்பார்களா? தாமதத்துக்கு அபராதம் என்ன? ஒப்பந்தம் பதிவு செய்யப்படுமா? சிலர் என்னைக் காரியத்தைக் கெடுக்க வந்தவன் என்கிறார்கள். சொல்லட்டும். சுவரில் புதுக் கட்டடத்தின் படம் மாட்டியிருக்கும்; எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேனா கைமாறுவதற்கு முன் ஆஜியின் கேள்வியை ஒருவராவது கேட்டாக வேண்டும். யாரும் கேட்காவிட்டால் நான் கேட்கிறேன்.