யாம் அமைத்த ஆடும் ஆசனம்

இருந்த இடத்தை விட்டுப் பெயராமலே ஊர்தியில் விரைந்து செல்வது போன்ற உணர்ச்சியை ஒருவர்க்கு உண்டாக்கலாம் என்று கூறினால், கேட்போர் நகைப்பர். ஆயினும் அதற்கென்றே அமைந்த யந்திரங்கள் உலகிற் பல உள. விமானம் ஓட்டப் பயில்வோர், வானிற் பறக்குமுன் அவற்றில் அமர்ந்தே தம் தொழிலின் பெரும்பகுதியைக் கற்கின்றனர். விடுதியில் ஒரே அறையில் வசிக்கும் யாம் மூவரும், சென்ற ஆண்டு அவ்வகை யந்திரம் ஒன்றைச் சிறிய அளவில் எம் கையாலேயே அமைக்கத் துணிந்தோம். அம்முயற்சியில் யாம் கற்றவற்றையும், எம் பிழையால் நேர்ந்த துன்பத்தையும் மறையாது உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்துறைக்கு முன்னோடியாய் விளங்கியவர் அமெரிக்க நாட்டினராகிய எட்வின் லிங்க் என்பார். அவர் தந்தையார் பிங்காம்டன் நகரில் ஆர்கன் வாத்தியங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தார். அவ்வாத்தியங்களின் காற்றுத் துருத்திகளோடு பழகி வளர்ந்த லிங்க், துருத்திகளின் மேல் சிறியதொரு விமானக் கூட்டைப் பொருத்தி, 1929-ஆம் ஆண்டில் தமது பயிற்சி யந்திரத்தை ஆக்கினார். தொடக்கத்தில் அதனைக் கேளிக்கைப் பொருளாகவே பலரும் மதித்தனர். 1934-ல் தபால் சுமந்து சென்ற இராணுவ விமானிகள் சிலர் கொடிய வானிலையில் மாண்ட பின்னரே, அந்நாட்டு இராணுவம் அவ்யந்திரங்களுள் ஆறனை விலைக்கு வாங்கிற்று. 1965-ல் ஸ்டூவர்ட் என்னும் பொறிவல்லார், ஆறு கால்கள் நீண்டும் குறுகியும் இயங்கும் மேடை ஒன்றை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார். பெரிய பயிற்சி யந்திரங்கள் இன்று பெரும்பாலும் ஆறுகால் மேடைமீதே நிற்கின்றன. எம் கைப்பொருளோ இரண்டு கால்களுக்கே போதியதாயிருந்தது.

இனி, நில்லாது விரைவதாக உடல் எவ்வாறு மயங்குகிறது என்பதைச் சிறிது ஆராய்வோம். நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்புவதை அவை உணர்த்தும். அவற்றின் அருகே நுண்ணிய சுண்ணத் துகள்களைத் தாங்கிய உறுப்புக்கள் உள்ளன. ஊர்தி விரைவு கூடுவதையும் குறைவதையும் உணர்த்துவன அவை. ஆனால் விரைவு மிகுதலால் வரும் இழுப்பையும் பூமியின் ஈர்ப்பையும் அவ்வுறுப்புக்கள் தாமே வேறு பிரித்தறியமாட்டா. ஆகவே ஆசனத்தை 10 பாகை பின்னே சாய்த்தால், நம் எடையில் நூற்றில் 17 பங்கு முதுகை அழுத்தும். எதிரே திரையில் சாலை விரைந்தோடக் காணும் கண்ணோ, வண்டியே பாய்வதாகத் துணியும். சாய்வை வினாடிக்கு ஏறத்தாழ 3 பாகைக்கு மேற்படாது மெல்ல நிகழ்த்தினால், குழல்களும் அதனை அறியா.

பழைய கார் ஒன்றின் இருக்கையை மலிவாக வாங்கினோம். லாரித் தண்டின் கிராஸ் ஒன்றை அதன் அடியில் வைத்துப் பற்றவைத்து, எப்பக்கமும் சாயும்படி செய்தோம். இருக்கையின் பின்புறம் இடமும் வலமுமாகக் கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டார்கள் இரண்டை நிறுவினோம். அவை 12 வோல்ட்டில் இயங்குவன. உள்ளே புழுப்பற்சக்கரம் உள்ளமையின் மெதுவாயும் வலிவோடும் சுழல்வன. மோட்டார் அச்சில் 6 சென்டிமீட்டர் நீளமுள்ள கை. கையிலிருந்து ஆசனத்திற்கு ஓர் இரும்புக் கோல். அக்கோல் ஆசனத்தைப் பற்றும் இடம் நடுவச்சிலிருந்து 35 சென்டிமீட்டர். ஆதலின் ஏறக்குறைய 10 பாகை சாய்வு கிடைத்தது. இரண்டு கோல்களும் ஒருங்கே உயர்ந்தால் ஆசனம் முன்னே குனியும். தாழ்ந்தால் பின்னே சாயும். ஒன்று உயர்ந்து மற்றொன்று தாழ்ந்தால் பக்கவாட்டிற் சரியும்.

பற்றவைத்துக் கொடுத்த பட்டறைப் பெரியவர் எல்லாவற்றையும் உற்று நோக்கி, "தம்பிகளா, எஞ்சினைப் பூட்டுமுன் பிரேக்கைப் பூட்டுங்கள்" என்றார். யாம் நகைத்து விடைபெற்றோம்.

மோட்டார்களை ஆளும் மூளையாக ஆர்டுயினோ என்னும் சிறு பலகையை வைத்தோம். இஃது 2005-ல் இத்தாலி நாட்டின் இவ்ரேயா நகரில் மாணவர்க்கென்று தோன்றியது. அதிலுள்ள மைக்ரோகண்ட்ரோலர் வினாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்புக்களில் இயங்குவது. மோட்டாரின் அச்சோடு சுழலும் பொட்டன்ஷியோமீட்டர், கை நிற்கும் நிலையை மின்னழுத்தமாக்கிக் கூற, பலகை அதனை 0 முதல் 1023 வரையுள்ள எண்ணாகப் படிக்கும். கணினி விரும்பும் எண் ஒன்று. கை நிற்கும் எண் மற்றொன்று. இரண்டிற்கும் உள்ள வேற்றுமைக்குத் தக்கபடி மோட்டாருக்கு மின்சாரம் செல்லும். இவ்வளவோடு நிறுத்தியபோது ஆசனம் நிலைகொள்ளாது தொட்டில்போல் ஆடிற்று. கதவைச் சாத்துபவன் நிலையை அணுகுமுன் கையை இழுத்துப் பிடிப்பதுபோல, வேற்றுமை குறையும் வேகத்தையும் கணக்கிற் சேர்த்த பின்னரே அமைதி உண்டாயிற்று. அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

கல்லூரிக் கண்காட்சிக்கு நான்கு நாட்களே இருந்தன. மின்சாரத்தை ஒருங்கே துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் ஒன்று வாங்கியிருந்தோம். நேரம் இல்லையென்று அதனைப் பொருத்தாது மேசையறையில் இட்டு வைத்தோம். எம்மில் இளையவர் ஆசனத்தில் அமர்ந்து சோதித்துக்கொண்டிருக்கையில், பொட்டன்ஷியோமீட்டருக்குச் செல்லும் மெல்லிய கம்பியொன்று அறுந்தது. பலகை 1023 என்னும் எண்ணையே இடையறாது படித்தது. பிழையைத் திருத்துவதாக எண்ணி மோட்டாரை முழு வலிவுடன் ஓட்டிற்று. கை நில்லாது சுழன்றது. ஆசனம் பேய் பிடித்தாற்போற் குதித்தது. பாட்டரியின் கம்பியை யாம் பிடுங்கி எறியுமுன், நண்பர் கீழே விழுந்து இடக்கை மணிக்கட்டு முறிந்தது.

மருத்துவமனைத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது தீயதோர் எண்ணம் எமக்கு எழுந்தது. மாடிப்படியில் வழுக்கி விழுந்தாரெனச் சொல்லிவிட்டால் கண்காட்சியும் நடக்கும், யந்திரமும் பிழைக்கும். அடிபட்ட நண்பரே அதற்கு இசைந்தார். எனினும், அவர்தம் தாயார் பேருந்தில் நெடுந்தொலைவு வந்து இறங்கி, "எப்படியப்பா விழுந்தாய்?" என்று வினவியபோது, அப்பொய் எம்மில் ஒருவர் வாயிலும் வரவில்லை. உள்ளதை அவரிடம் சொன்னோம். பின்பு பேராசிரியரிடமும் சொன்னோம். அவர் கடிந்துரைப்பார் என்று அஞ்சி நின்றோம். அவர் கேட்டது ஒன்றே: "அந்தப் பொத்தான் எங்கே?" மேசையறையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தோம். "பருவம் முடியும்வரை யந்திரம் பூட்டிய அறையில் இருக்கட்டும். அது எவ்வெவ்வாறு கெடக்கூடும் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

முதல் நாள் ஐந்து வகை எழுதினோம். விடுமுறைக்குள் அவை முப்பத்தொன்றாயின. அவற்றை நோக்கியே யந்திரத்தை மீண்டும் கட்டினோம். பொத்தானை அழுத்தினால் பலகையின் இசைவை வேண்டாது மின்சாரம் அறும். கை எல்லை கடந்தால் அதனைத் தடுக்கும் சுவிட்சுகள் இருபுறமும் உள்ளன. எண் 50-க்குக் கீழோ 970-க்கு மேலோ சென்றால், கம்பி அறுந்ததெனக் கொண்டு பலகை தானே மோட்டாரை நிறுத்தும். கம்பியை வேண்டுமென்றே அறுத்து நூறு முறை சோதித்தோம். நூறு முறையும் ஆசனம் நின்றது.

கட்டு நீங்கிய நண்பர், முதலில் அமர்பவர் தாமே என்று வற்புறுத்தினார். வலக்கையைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு அமர்ந்தார். திரையில் மலைப்பாதை விரிந்தது. ஆசனம் வளைவுதோறும் மெல்லச் சாய்ந்தது. பாதி வழியில் அவர் காரணமின்றியே பொத்தானை அழுத்தினார். யாவும் நின்றன. "சரி, இனி ஓட்டலாம்" என்றார்.

இளைய மாணவர்க்கு யாம் சொல்லத்தக்கது இதுவே. யந்திரம் ஆக்க விழைவீராயின் தயங்காது ஆக்குக. நூலிற் படித்த விசையியல் கையிற் படியும்போது பெறும் இன்பம் வேறில்லை. ஆனால் அதனை நிறுத்தும் வகையை முதலில் ஆக்குக. பிழை நேர்ந்துழி அதனை உரியவரிடம் சொல்லுக. எம் ஆசனம் இப்போது பௌதிகச் சாலையின் மூலையில் உளது. அமர விரும்புவோர் வருக. முப்பத்தொரு வரிகள் கொண்ட தாளும் அதனருகே சுவரில் தொங்குகின்றது. முப்பத்திரண்டாவதைக் காண்பவர் அதன்கீழ் எழுதிவைக்க வேண்டுகின்றோம்.