ரிமோட் யார் கையில்?

எங்கள் வத்தேகம பக்கத்தில் இன்று ரீவி இல்லாத வீடு குறைவு. தோட்டத்து லயன் கூரைகளிலும் டிஷ் அன்டெனா நிற்கிறது. அந்த ரீவியில் யார், எந்த நேரத்தில், எதைப் பார்க்கிறார்கள் என்று கவனித்தாலே அந்த வீட்டின் நடப்புப் பாதி விளங்கிவிடும். சமூக சேவைக்காக வீடு வீடாக ஏறி இறங்கும் எனக்கு இது நாளாந்த அனுபவம்.

முதலில் நாடகங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். "பெண்கள் சீரியல் பார்த்தே கெட்டுப்போகிறார்கள்" என்று எங்கள் கூட்டங்களில் யாராவது ஓர் ஆண் எழுந்து சொல்வார். எனக்கு அந்தப் பேச்சுப் பிடிப்பதில்லை. கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "காலையில இருந்து மலையில நின்ன காலு மிஸ். நாடகம் போடுற அந்த அரை மணித்தியாலந்தான் நான் கால நீட்டி ஒக்காருறேன்." ஒருநாள் கிரிக்கெட் போட்டி ஏழெட்டு மணித்தியாலம் நீளும். அதை முழுவதும் பார்க்கும் ஆணை யாரும் கெட்டுப்போனவன் என்று சொல்வதில்லையே!

அதற்காக நாடகங்களை நான் மெச்சவும் இல்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் 'மெட்டி ஒலி' ஊரையே கட்டிப்போட்டது. ஐந்து பெண்பிள்ளைகளைப் பெற்ற ஒரு தகப்பனின் பாடு அது. பின்னர் 'கோலங்கள்' வந்தது. 2003 முதல் 2009 வரை ஓடிய அதில், குடும்பத்தைத் தாங்கிக்கொண்டே தொழிலிலும் நிமிர்ந்து நின்ற அபியை எங்கள் அம்மாமாருக்குப் பிடித்திருந்தது. குறைகள் இருந்தாலும் அவற்றில் நம் வீட்டுச் சாயல் இருந்தது. இப்போது வருகிற பலவற்றில் பட்டுச்சேலையோடு சமைக்கிறார்கள். மாமி மருமகளுக்குக் குழி பறிக்கிறாள், நாத்தனார் சாப்பாட்டில் நஞ்சு கலக்கிறாள். பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்று இரவு இரவாகப் பாடம் நடக்கிறது. நான் போகும் வீடுகளில் அழுகைக்குக் காரணம் வேறு. கணவனின் குடி, கிழமைக்கிழமை கட்ட வேண்டிய நுண்கடன், போதாத சம்பளம். இவற்றை எந்த நாடகம் காட்டுகிறது? மலையகத்தை வைத்து வி.பி. கணேசன் 'புதிய காற்று' படத்தைத் தந்தது 1975இல். அதன் பின்னர் எங்கள் வாழ்க்கையைச் சொன்ன படங்கள் மிகக் குறைவு.

அடுத்தது கிரிக்கெட். கண்டிக்காரர்களுக்கு முரளிதரன் என்றால் சொந்தக்காரர் மாதிரி. குண்டசாலை நத்தரம்பொத்தையில் வளர்ந்தவர். அவருடைய பாட்டனார் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர். 1977 கலவரத்தில் தகப்பனாரின் பிஸ்கட் தொழிற்சாலை எரிக்கப்பட்டது. 1995இல் மெல்பேர்னில் அவருடைய பந்தை 'நோ போல்' என்று நடுவர் திரும்பத் திரும்ப அறிவித்தார். அத்தனையையும் தாண்டி, 2010 ஜூலையில் காலியில் தன் கடைசி டெஸ்டின் கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெட்டை எடுத்தார். 2023இல் அது '800' என்று படமாகவும் வந்தது. தோட்டத்துப் பையன்கள் அவரைப் பார்த்துத்தான் சரிவான மண்ணிலும் விக்கெட் நட்டுப் பந்து போடுகிறார்கள். நல்ல விஷயம்தான்.

ஆனால் பெண்பிள்ளைகள் யாரைப் பார்ப்பது? பார்க்க ஆள் இல்லாமல் இல்லை, சகோதரிகளே. 2024 ஜூலை 28ஆந் திகதி தம்புள்ளையில் நமது பெண்கள் அணி இந்தியாவை 8 விக்கெட்டுகளால் வென்று முதன்முறையாக ஆசியக் கிண்ணத்தை எடுத்தது. தலைவி சமரி அத்தபத்து 61 ஓட்டங்களும் ஹர்ஷிதா ஆட்டமிழக்காமல் 69 ஓட்டங்களும் அடித்தார்கள். வலைப்பந்தில் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் இருக்கிறார். ஆறடி பத்தங்குல உயரம். இவ்வளவு உயரமான பெண்ணை நம் ஊரில் என்னென்ன சொல்லிக் கேலி செய்வோம் என்று உங்களுக்கே தெரியும். அந்த உயரத்தைக் கொண்டே 2018இல் இலங்கை ஆசியச் சம்பியனாக உதவினார்.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை பாடசாலை வலைப்பந்து அணியில் நன்றாக எறிவாள். பெரியபிள்ளையானதும் விளையாட்டை நிறுத்திவிட்டார்கள். "காலைக் காட்டிக்கிட்டு ஓடுனா ஊரு என்ன பேசும்?" என்றார் தகப்பன். நீளக் காற்சட்டை போட்டு விளையாடலாம், பயிற்சி முடிந்து மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து வரலாம் என்று நானும் அவளுடைய ஆசிரியையும் போய்ப் பேசினோம். தகப்பன் அசையவில்லை. தாய் மட்டும் வாசல்வரை வந்து, "நானும் சின்னதுல நல்லா ஓடுவேன் மிஸ்" என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பிள்ளை இப்போது பின்னேரங்களில் தம்பிமாரைப் பார்த்துக்கொள்கிறாள். தம்பிமார் கிரிக்கெட் விளையாடுகிறார்கள்.

பேராதனையில் சமூகவியல் படித்தபோது, வீட்டில் ஓய்வு நேரம்கூட ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்று வாசித்தேன். வத்தேகமவில் அதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆகவே வாசக சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். நாடகம் பாருங்கள், அது உங்கள் ஓய்வு. பெண்கள் அணி விளையாடும் நாளில் ரிமோட்டைக் கேட்டு வாங்கி, மகளைப் பக்கத்தில் இருத்தி அதையும் பாருங்கள். கிழமையில் இரண்டு பின்னேரமாவது அவளைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். அந்த நேரம் தம்பியைத் தகப்பன் பார்த்துக்கொள்ளட்டும்.