மரியோ எப்போ வருவார்? செந்தோசாவில் வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு நாள்!

"சித்தி, இதுக்குப் பின்னாடிதான் மரியோ இருக்காரா?"

எட்டு வயது அக்கா மகன் இதைக் கேட்டபோது, சிங்கப்பூரின் செந்தோசா தீவில் ஓர் உயரமான தடுப்பு வேலிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். அந்தப் பக்கம் ஒரு கிரேன் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. வேலியில் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நான்கு மொழிகளிலும் எச்சரிக்கைப் பலகை. தமிழைப் பார்த்ததும் அவனுக்கு ஒரே குஷி. "தமிழ்லகூட எழுதியிருக்காங்க. அப்போ நம்மகிட்ட சொல்லலாம்ல?"

நான் பதில் சொல்லவில்லை. காரணம், எனக்கும் தெரியாது. இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பயணம் ஒரு வருடம் தள்ளிப்போனதே என்னால்தான்.

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து செய்தி எழுதும் யாருக்கும் 'விரைவில்' என்ற வார்த்தை ரொம்பப் பிடிக்கும். தேதி தெரியாத எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். 'சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸில் விரைவில் சூப்பர் நின்டெண்டோ வேர்ல்டு!' என்று நானும் ஒரு தலைப்பு போட்டிருக்கிறேன். அதை அக்காவுக்கே அனுப்பிவைத்தேன். "அப்படின்னா இந்த வருஷம் வேண்டாம்டி, அடுத்த வருஷம் போவோம். ரெண்டு தடவை போக நம்மகிட்ட எங்க காசு இருக்கு?" என்றாள். 2024 கோடை விடுமுறை அப்படியே போனது. 2025 மே மாதம் போய் இறங்கினோம். மரியோ வந்திருக்கவில்லை.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். 2019 ஏப்ரலில்தான் இந்த அறிவிப்பு வந்தது. சிங்கப்பூரில் இரண்டே இரண்டு கேசினோக்கள். ஒன்று மெரினா பே சாண்ட்ஸ், இன்னொன்று செந்தோசாவில் உள்ள ரிசார்ட்ஸ் வேர்ல்டு. 2030 முடியும்வரை மூன்றாவது கேசினோவுக்கு அனுமதி கிடையாது என அரசு உறுதி கொடுத்தது. பதிலுக்கு இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 900 கோடி சிங்கப்பூர் வெள்ளியை முதலீடு செய்ய ஒப்புக்கொண்டன. அதோடு, உள்ளூர்வாசிகள் கேசினோவுக்குள் நுழையக் கட்ட வேண்டிய தினசரித் தீர்வை 100 வெள்ளியிலிருந்து 150 ஆனது. இந்த ஒப்பந்தத்தில் ரிசார்ட்ஸ் வேர்ல்டு தன் பங்காக அறிவித்த 450 கோடி வெள்ளி விரிவாக்கத்தில்தான் மினியன்களும் மரியோவும் வந்தார்கள். குழந்தைகளின் மரியோவுக்குப் பின்னால் பெரியவர்களின் சீட்டாட்டம் இருக்கிறது என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கும் தெரிந்தது. அக்கா மகனிடம் இதைச் சொல்லவில்லை.

அடுத்த வருடமே கொரோனா. திட்டம் தள்ளிப்போனது, செலவும் ஏறியது. 2024 நவம்பரில் கடலோரப் பகுதிக்கு அடிக்கல் நாட்டியபோது மொத்த விரிவாக்கத்தின் மதிப்பு 680 கோடி வெள்ளி. அந்தக் கடலோரத் திட்டத்தில் 700 அறைகளோடு இரண்டு ஹோட்டல்கள், 88 மீட்டர் உயரத்தில் ஒளிரும் கோபுரச் சிற்பம் எல்லாம் உண்டு. இலக்கு 2030. ஆக, செந்தோசாவில் ஒரு கிரேனைப் பார்த்தால் அது மரியோவுக்கு உழைக்கிறதா, ஹோட்டலுக்கு உழைக்கிறதா என்று கீழே நிற்கிற நமக்குத் தெரியாது.

தெரியாத இடத்தில்தானே ஊகம் பிறக்கும்? தீம் பார்க் ரசிகர்கள் என்றே உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருக்கிறது. கேபிள் காரில் போகும்போது எட்டிப் படம் எடுப்பார்கள். செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி, போன மாதம் இல்லாத கூரை இந்த மாதம் எப்படி வந்தது என்று கேட்பார்கள். பூங்காவை நடத்தும் கெந்திங் சிங்கப்பூர், பங்குச்சந்தையில் உள்ள நிறுவனம். அது வெளியிடும் நிதி அறிக்கையில் ஒரு வரி மாறினாலும் போதும், 'போன தடவை இருந்த வார்த்தை இந்தத் தடவை காணோமே' என்று ஆராய்ச்சி தொடங்கிவிடும். ஜாதகம் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நானும் இரண்டு இரவு அப்படி உட்கார்ந்து பார்த்தவள்தான் என்பதால் உரிமையோடு கேலி செய்கிறேன்.

ஆனால், இந்தப் பூங்காவில் வேலியைப் பார்த்து ஊகிப்பது புதிதல்ல. ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஓடும் பேட்டில்ஸ்டார் கேலக்டிகா ரோலர் கோஸ்டர்களை 2013 ஜூலையில் மூடினார்கள். மறுபடி ஓடியது 2015 மே மாதம். வரிசைக்கு நான்கு இருக்கை இருந்த இடத்தில் இரண்டுதான் இருந்தது. மடகாஸ்கர் பகுதியை 2022-ல் மூடினார்கள். அங்கே மினியன் லேண்டு திறந்தது 2025 பிப்ரவரி 14-ம் தேதி. 'விரைவில்' என்பதன் நீளம் என்ன என்று யாராவது கேட்டால், இங்கே அது இரண்டு முதல் மூன்று வருடம் எனச் சொல்லலாம்.

செந்தோசாவுக்கே இந்தக் குணம் உண்டு என்கிறார் எங்கள் பெரியப்பா. 40 வருடங்களாக அங்கே இருப்பவர். "நான் வந்தப்போ ராத்திரியானா மியூசிக்கல் ஃபவுன்டன் பார்க்கக் கூட்டம் அள்ளும். அதை இடிச்ச இடத்துலதான் இந்த ரிசார்ட்ஸ் வேர்ல்டே வந்துச்சு. அப்புறம் பெரிய மெர்லயன் சிலை ஒண்ணு இருந்துச்சு. உங்க அக்கா கல்யாணம் முடிச்சு வந்தப்போ அதுக்கு முன்னாடிதான் போட்டோ எடுத்தா. இப்போ போய்ப் பாரு, சிலையே இல்லை" என்றார். உண்மைதான். 37 மீட்டர் உயர மெர்லயனை 2019 அக்டோபரோடு மூடி, பிறகு அகற்றிவிட்டார்கள். தீவின் பெயரே 1972-ல் மாற்றியதுதான். அதற்கு முன் மலாயில் 'புலாவ் பிளாக்காங் மாத்தி'. கடைசி வார்த்தைக்கு 'சாவு' என்று அர்த்தம்! செந்தோசா என்றால் அமைதி. நம் 'சந்தோஷ'த்துக்கும் அதற்கும் சமஸ்கிருத வேர் ஒன்றே.

சரி, உள்ளே எப்படி இருந்தது? மினியன் லேண்டில் அக்கா மகன் இரண்டு மணி நேரம் தொலைந்துபோனான், நல்ல அர்த்தத்தில். அங்கே இருக்கும் 'பகி பூகி' ராட்டினம் சிங்கப்பூரில் மட்டுமே உண்டு. பிரச்னை, எகிப்து பகுதியில் வந்தது. 'மம்மி' ரோலர் கோஸ்டருக்கு 122 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். வாசலில் அளந்தார்கள். 119. மூன்று சென்டிமீட்டருக்காக ஒரு பையன் அழுவதைப் பார்த்தால் மனசு கேட்காது. "மரியோ வர்றப்போ நீ வளர்ந்துடுவே, ரெண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்" என்றாள் அக்கா. அவன் அழுகை நின்றது. டிக்கெட் விலை பெரியவர் ஒருவருக்கு 80 வெள்ளிக்கு மேல். நம்ம பணத்தில் 5,000 ரூபாயைத் தாண்டும். அந்த வாக்குறுதி அக்காவுக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்று மாமா மனதுக்குள் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. அதே மே 22-ம் தேதி அமெரிக்காவின் ஓர்லாண்டோவில் நின்டெண்டோ பகுதி திறந்துவிட்டது வேறு செய்தியாக வந்து அவரை வெறுப்பேற்றியது. ஜப்பானின் ஒசாகாவில் 2021-லேயே வந்துவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. செந்தோசாவுக்குப் போகும் ஹார்பர்ஃப்ரன்ட் நிலையத்திலிருந்து ஊதா நிற ரயிலில் ஏறினால், நேராக லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். தேக்கா பக்கம் சாப்பாட்டுக் கடையில் கூட்டம் நெரிந்தது. எங்கள் மேஜையில் காலியாக இருந்த இடத்தில் ஒரு அண்ணன் வந்து உட்கார்ந்தார். ஒரத்தநாடு பக்கம். சிங்கப்பூர் வந்து ஒன்பது வருடமாகிறது. கட்டுமான வேலை.

அக்கா மகன் கழுத்தில் தொங்கிய மினியன் பொம்மையைப் பார்த்துவிட்டு, "செந்தோசா போயிட்டு வந்தீங்களா? நானும் அங்க ரெண்டு மாசம் கம்பி கட்டினேன்" என்றார் சாதாரணமாக.

அக்கா மகன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். நானும்தான். உலகமே செயற்கைக்கோள் வைத்துப் பார்க்கிற வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், எதிரே உட்கார்ந்து சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கிறார்! "அண்ணே, உள்ள என்ன கட்டுறாங்க?" என்றேன்.

சிரித்தார். "எனக்கு எப்படித் தெரியும் தங்கச்சி? டிராயிங்ல நம்பர்தான் இருக்கும். இத்தனை எம்எம் கம்பி, இத்தனை இடைவெளினு கட்டிக்கிட்டே போவோம். அது ஹோட்டலா, பொம்மை வீடான்னு சூப்பர்வைசரும் சொல்ல மாட்டாரு, நாங்களும் கேட்க மாட்டோம். வேற சைட்டுக்கு மாத்திட்டாங்க, வந்துட்டேன்."

வேலியில் இருந்த தமிழ்ப் பலகை யாருக்காக என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

யூனிவர்சல் ஸ்டூடியோஸுக்குள் அவர் ஒருமுறையும் போனதில்லை. ஒரு டிக்கெட் காசு ஊருக்கு அனுப்பினால் வேறு எதற்காவது ஆகும் என்பது அவர் கணக்கு. ஆனால், மகளுக்கு 11 வயதாகிறது. மனைவியையும் அவளையும் ஒருமுறை சுற்றுலா விசாவில் அழைத்துவந்து காட்ட வேண்டும் என்று மூன்று வருடமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். "அவளும் அந்த மரியோ வரட்டும்ப்பானு சொல்றா. நீங்க பத்திரிகையில இருக்கேன்றீங்க. எப்போ திறப்பாங்க? ஏன் கேட்குறேன்னா, 12 வயசு வரைக்கும்தான் சின்னப் புள்ளை டிக்கெட்டாம்ல? என் பெர்மிட்டும் எத்தனை வருஷத்துக்கு ஓடும்னு தெரியலை."

விரைவில் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். "தெரியலைண்ணே" என்றேன். "எங்க அக்கா ஒரு வருஷம் காத்திருந்தாங்க. வரலை. பையனுக்கு இப்போ இருக்கிறதே ஒரு நாள் பத்தலை. முடிஞ்சப்போ கூட்டிட்டு வந்துடுங்க."

அவர் நம்பரை வாங்கி, டிக்கெட் பதிவு செய்யும் லிங்க்கை அனுப்பினேன். வார நாளில் போனால் கூட்டம் குறைவு, மோனோ ரயிலுக்கு நான்கு வெள்ளி கொடுக்காமல் விவோசிட்டியிலிருந்து கடல்மேல் போட்ட நடைபாதையிலேயே போய்விடலாம் என்றும் எழுதினேன். "அந்த நடைபாதை தெரியும்" என்று பதில் போட்டார்.

போன வாரம் அவரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. அரையாண்டு லீவுக்கு மனைவிக்கும் மகளுக்கும் விமான டிக்கெட் போட்டுவிட்டாராம். 'அவளுக்கு வாசல்ல இருக்கிற பெரிய பூமி உருண்டை முன்னாடி போட்டோ எடுத்தா போதுமாம்' என்று எழுதியிருந்தார்.

அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு, மகனைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிற்கவைத்து ஸ்கேலால் அளந்தாள். 121.