கோலாலம்பூருக்கு முன் ஒரு தலைநகர்

தீபாவளிக்குச் சேலை எடுக்க, கல்யாணத்துக்கு மாலை சொல்ல, மளிகை வாங்க என்று வருடத்தில் ஒரு தடவையாவது கிள்ளானுக்குப் போகாத தமிழ்க் குடும்பம் சிலாங்கூரில் குறைவு. ஜாலான் தெங்கு கிளானாவில் கார் நிறுத்த இடம் தேடியே பாதிப் பொழுது போய்விடும். அந்தத் தெருவைச் சுற்றியே ஒரு பழைய தலைநகர் கிடப்பதை நம்மில் பலர் நின்று பார்த்ததில்லை. 1880இல் பிரிட்டிஷார் நிர்வாகத்தைக் கோலாலம்பூருக்கு மாற்றும் வரை சிலாங்கூரின் தலைநகர் கிள்ளான்தான்.

வார இறுதிக் காலைகளில் வழிகாட்டியுடன் இங்கே மரபு நடை நடத்துகிறார்கள். முன்கூட்டியே கேட்டுப் பதிந்துகொள்வது நல்லது. நடை தொடங்கும் இடம் சுல்தான் அப்துல் அஜீஸ் அரச காட்சிக்கூடம். கோலாலம்பூர் ஜாமெக் பள்ளிவாசலை வடிவமைத்த ஹப்பேக் கைவண்ணத்தில் 1909இல் எழுந்த கட்டடம் இது. அரசாங்க அலுவலகமாக இருந்து, 2007இல் காட்சிக்கூடமானது. அரைமணி நேரம் போதும்.

நிதானமாகப் பார்க்க வேண்டியது கெடோங் ராஜா அப்துல்லா. 1857இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா கட்டிய ஈயக் கிடங்கு. அதே ஆண்டு 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறி, ஈயம் தேடி அம்பாங் காட்டுக்குப் போனார்கள். ஒரே மாதத்தில் மலேரியாவுக்கு 69 பேர் பலி. மிஞ்சியவர் 18 பேர். அந்த முயற்சியில் முளைத்ததுதான் கோலாலம்பூர். ஈயம் வந்ததும் சண்டையும் வந்தது. வரிப்பணத்துக்காக ராஜா மஹாடி கிளப்பிய கிள்ளான் போர் 1867 முதல் 1874 வரை நீடித்தது. போரின் முடிவில் உள்ளே நுழைந்தவர்கள் வெள்ளைக்காரர்கள்!

அரண்மனையை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். 1930களில் எழுந்த சுல்தான் சுலைமான் பள்ளிவாசலை மட்டும் தவறவிடாதீர்கள். வழக்கமான பள்ளிவாசல் தோற்றமே இல்லை அதற்கு.

பிறகு நம் தெரு. பூக்கடை, வடைக்கடை, நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் இந்த வட்டாரத்தில் உண்டு. அரசருக்கும் அதிகாரிக்கும் கட்டடம் நிற்கிறது; வேலைநிறுத்தத்துக்கு ஏது கட்டடம்?

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். பெண்களிடம் அத்துமீறும் மேலாட்களை நீக்கு, கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு கொடு என்றார்கள். இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்! கூலிக் கோரிக்கையைவிட நிர்வாகங்களை அதிகம் உறுத்தியது இதுவாகத்தான் இருந்திருக்கும். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச்.நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். போராட்டம் பரவியது. ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். அதே டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கிவிட, இந்தக் கதை அதற்கடியில் புதைந்துபோனது. வழிகாட்டியிடம் நீங்களே கேளுங்கள்.

கால் வலித்தால், ரயில் நிலையத்துக்கு அருகே 1940 முதல் நடக்கும் சோங் கோக் கோப்பிக் கடையில் காயா ரொட்டி உண்டு. கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள்.

அங்கிருந்து ஆற்றோரம் போனால் கோத்தா பாலம். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கட்டிய இரட்டைத் தட்டுப் பாலம். மேலே மோட்டார் வாகனங்களுக்கு, கீழே நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர் வீட்டில் இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயிலில் நேராக வந்து இறங்கிவிடலாம். கார் நிறுத்தும் தொல்லை இல்லை.