உமியும் வெந்நீரும்

நவம்பர் 18, 2024, திங்கள்

மாமாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்துவிட்டோம். டாக்டர் சொன்னது ஒன்றுதான்: இனிமேல் புகைப் பக்கமே போகக்கூடாது. பீடி, சிகரெட் எதையும் தொடாத மனிதர். கொப்பரை முன்னால் உட்கார்ந்து வருஷக்கணக்காகக் கோறா என்னும் கச்சாப் பட்டு நூலை வேகவைத்த புகைதான் நெஞ்சில் இறங்கியிருக்கிறது. "அப்போ அடுப்பை யாரு பார்க்கிறது?" என்று அத்தை கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை.

சேலைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழுதாவிட்டால் இந்த வாரம் எனக்கே குழம்பிவிடும்.

நவம்பர் 20

சாயத்துக்கு வந்த நூல் அப்படியே கிடக்கிறது.

நவம்பர் 23, சனி

ரைஸ் மில்லில் பாய்லர் பார்த்த அண்ணன் ஒருவர் மாமாவை விசாரிக்க வந்தார். எங்கள் ஆரணியில் பட்டுக்குச் சமமாக அரிசி. நெல் அவிக்கிற மில்களில் உமியை எரித்தே நீராவி எடுப்பார்கள். அந்த அனுபவம் உள்ளவர், பேசிக்கொண்டே எங்கள் சாயக் கொட்டகையை எட்டிப் பார்த்தார்.

எங்கள் வேலை சூட்டில்தான் நடக்கிறது. கோறாவை சோப்பும் சோடாவும் போட்ட தண்ணீரில் 90, 95 டிகிரியில் வேகவைத்தால்தான் கோந்து கழன்று மினுக்கு வரும். எடையில் கால் பங்கு வரை அதிலேயே போய்விடும். பிறகு சாயம். 40 டிகிரியில் நூலை இறக்கி மெல்ல மெல்ல 85, 90க்கு ஏற்ற வேண்டும். அதற்கப்புறம் அலசுவதற்கும் வெந்நீர். இத்தனைக்கும் மாமா விடிவதற்கு வெகு முன்பே எழுந்து, வேலிக்காத்தான் கட்டையை வைத்து, தீயை அடக்கி அடக்கி எரிப்பார். கட்டை தீர்ந்துவிடுமே என்ற கவலை.

"அடக்கி எரிக்கிறீங்க, அதான் புகை. நல்லா காத்து விட்டு எரிச்சுப் பாருங்க, பாதிகூட வராது" என்றார் அண்ணன்.

"அவ்வளவு சூட்டையும் என்னண்ணே பண்றது?"

"தண்ணியில போட்டு வைம்மா."

ராத்திரி கொழுந்தன் போனில் தேடிக் காட்டினார். ஸ்வீடன், ஆஸ்திரியா பக்கம் வீடுகளில் இதையேதான் செய்கிறார்கள். ஒருமுறை கட்டையை முழு வேகத்தில் எரித்து, ஆயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட தொட்டித் தண்ணீரில் சூட்டைச் சேர்த்து, குளிர் ராத்திரி முழுக்க வீட்டை அதிலேயே சூடாக வைத்துக்கொள்கிறார்கள். மாமா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நவம்பர் 27

நாங்களும் ஒரு பாய்லரும் தொட்டியும் வைத்தால் என்ன என்று கணக்குப் போட்டேன். 500 லிட்டரை 30லிருந்து 80 டிகிரிக்கு ஏற்ற 25,000 கிலோ கலோரி வேண்டும். காய்ந்த கட்டை கிலோவுக்கு 3,500 சுமாராகத் தரும். வீணே இல்லாவிட்டால் 7 கிலோ போதும். வீணாகாத அடுப்பு எங்கே இருக்கிறது? பாதி போனாலும் 15 கிலோவுக்குள் முடியும். திறந்த அடுப்பில் எரித்ததை நினைத்தால் எரிச்சலாக வந்தது.

"கட்டையைத் தராசுல வெச்சு எரிக்கிற காலமா?" என்றார் மாமா திண்ணையிலிருந்து.

டிசம்பர் 4

ஃபெஞ்சல் புயல் மழை. திருவண்ணாமலையில் மலை சரிந்து ஏழு பேர் போய்விட்டார்கள். குழந்தைகளும் உண்டாம். பாய்லர் பேச்சை இன்று யாரும் எடுக்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

வெல்டிங் முடிந்தது. பாய்லர் கீழே, பழைய இரும்புக் கடையில் கிடைத்த எஸ்.எஸ். தொட்டி அதைவிட உயரத்தில். சூடான தண்ணீர் தானே மேலேறும், குளிர்ந்தது கீழ்க்குழாய் வழியாகத் திரும்பும். மோட்டார் வேண்டாம், கரண்ட் போனாலும் கவலையில்லை. தொட்டியைச் சுற்றித் தகரம் அடித்து நடுவில் உமியைக் கொட்டி இறுக்கினோம். உமிக்கு இந்த ஊரில் பஞ்சமா? புகைபோக்கி இருக்கும் பக்கத்தில் மட்டும் உமி கூடாது, செங்கல்தான் என்று அண்ணன் பிடிவாதமாக நின்றார். எங்கள் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், உள்ளே படியும். சுரண்டுவதற்கு ஒரு வாய் விடச் சொன்னார்.

அவர் மறுபடி மறுபடி சொன்னது தொட்டி உச்சியில் இருக்கும் காற்றுக்குழாயைப் பற்றி. அது எப்போதும் வானத்தைப் பார்த்துத் திறந்தே இருக்க வேண்டும். மூடினால் வெடிக்கும். நீராவியை அடைத்து அழுத்தம் ஏற்றும் பாய்லர்களுக்கு 1923லேயே சட்டம் போட்டு இன்ஸ்பெக்டர் வைத்தது அதற்காகத்தான். 100 டிகிரிக்குக் கீழே தண்ணீரைச் சூடாக்குவது மட்டும் அதில் வராது. எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

டிசம்பர் 13

தீபம். இன்றும் மழை. திருவண்ணாமலையில் மலையேற பக்தர்கள் யாரையும் விடவில்லையாம். கட்டையெல்லாம் ஈரம்.

டிசம்பர் 21, சனி

பற்றவைத்தோம். முதலில் கரும்புகை, கால் மணியில் புகைபோக்கி மேல் வெறும் அனல் அலைதான் தெரிந்தது. எனக்குச் சிரிப்பாக வந்தது.

தொட்டி சூடேறிவிட்டதா என்று நாங்கள் மேலே ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமா வந்தார். வரக்கூடாதவர். சூடு ஏறும் மேல்குழாயைத் தொடவே இல்லை, திரும்பும் கீழ்க்குழாயைப் பிடித்தார். "இது இன்னும் சில்லுனு இருக்கு. அடியில பச்சைத் தண்ணிதான். இன்னும் ரெண்டு கட்டை வை." சொல்லிவிட்டு இருமிக்கொண்டே போனார்.

டிசம்பர் 22

விடிகாலையில் பார்த்தேன். எட்டு டிகிரிகூட இறங்கவில்லை. கோறா வேகவைக்க இது போதாது, மீதிச் சூட்டைக் கேஸ் அடுப்பில் ஏற்றிக்கொள்கிறோம்.

ஜனவரி 3, 2025

அரக்கு நிறம் திட்டுத் திட்டாகப் பிடித்திருக்கிறது. வியாபாரி நூலைத் திருப்பி அனுப்பிவிட்டார். சாயம் போட்ட என் வீட்டுக்காரர் சாயப் பொடியைக் குறை சொன்னார், தண்ணீரைக் குறை சொன்னார். மாமா நூலை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தார்.

"எத்தனை சூட்டுல இறக்குன?"

இவர் பேசவில்லை.

"அந்த அடுப்புல தண்ணி சூடேறவே முக்கா மணி ஆகும். இதுல நீ குழாயைத் திறந்தா வந்துடுது."

சாப்பாட்டுக்கு இருவரும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள்.

ஜனவரி 13

போகி. தெருவெல்லாம் புகை. எங்கள் கொட்டகையில் மட்டும் இல்லை. ஜன்னலைச் சாத்தி மாமாவை உள்ளே வைத்திருக்கிறோம், இருமல் நிற்கவில்லை. இத்தனை செலவு செய்து என்ன பிரயோஜனம் என்று அத்தை கேட்டார்.

ஜனவரி 17, வெள்ளி

நாளை அரக்கு மறுபடி. கொட்டகையில் தனக்கு ஒரு ஸ்டூல் போடச் சொல்கிறார் மாமா. புகைதான் இல்லையே என்கிறார். பற்றவைக்கும்போது வருமே என்கிறார் இவர். திண்ணையில் இருந்தே சொல்லட்டும் என்கிறார் அத்தை. தொட்டியில் இருக்கிற மாதிரி கொப்பரைக்கும் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவிடலாமே என்றேன். அப்பாவும் பிள்ளையும் ஒன்றாகச் சேர்ந்து என்னை முறைத்தார்கள்.