பொதியும் உறையும்

கலைப்பீட மாணவனுக்கு வலையமைப்போடு என்ன உறவு என வினவுவோர் உளர். நாம் சேகரித்த நாட்டார் பாடல் ஒலிப்பதிவுகள் பழுதடைந்துவரும் ஒரேயொரு வன்தட்டில் இருந்தன. அவற்றைத் துறையின் தனியார் முகிலுக்கு மாற்றவேண்டியிருந்தது. பாடியோருட் சிலர் இன்றில்லை. உறவு அதுவே.

முகில் என்பது வானத்தில் இல்லை. ஓர் அறையில் இரு கணனிகள். ஒவ்வொன்றினுள்ளும் பல மெய்நிகர் இயந்திரங்கள். தட்டினைத் தாங்கிய இரண்டாவது கணனி புதிதாகச் சேர்க்கப்பட்டது. அதிலிருந்து கோப்புகளின் பெயர்ப்பட்டியல் வந்தது, பாடல் வரவில்லை. 'பிங்' அனுப்பினால் மறுமொழி உடனே கிடைத்தது. ஆதலின் இணைப்பில் குறையில்லை என்றே பலரும் சாதித்தனர். நண்பரொருவர் அனைத்தையும் அழித்து மீள நிறுவலாமென்றார். (இத்துறையில் அது ஒரு வைத்தியமுறை போலும்!) சிறிய பொதி சென்றமை பெரியதும் செல்லும் என்பதற்குச் சான்றாகுமா?

பொதியைத் துண்டாடலாகாது என்ற நிபந்தனையோடு அளவைச் சிறிது சிறிதாக ஏற்றினோம். 1422 பைற்று சென்றது, 1423க்கு மௌனம். தலைப்பகுதி 28 பைற்றையும் கூட்டினால் 1450. அவ்வெண்ணே காரணத்தை உணர்த்திற்று. ஈதர்நெற்றின் வழமையான எல்லை 1500. இரு கணனிகளுக்குமிடையே 'விஎக்ஸ்லான்' முறை ஒவ்வொரு பொதியையும் மற்றோர் உறையிலிட்டு அனுப்புகின்றது. உறைக்கு 50 பைற்று வேண்டும். மெய்நிகர் இயந்திரங்களோ உறையை அறியாது 1500க்கே பொதி கட்டின. மிஞ்சியவை அறிவித்தலின்றிக் கைவிடப்பட்டன.

பௌதிக வலையமைப்பின் எல்லையை உயர்த்துவதும் ஒரு வழியே. ஆனால் இடையிலிருந்த ஆளி எமது அதிகாரத்துள் இல்லை. ஆகவே மெய்நிகர் இயந்திரங்களின் எல்லையை 1450 ஆகக் குறைத்தோம். அன்றிரவு முழுமையாக வந்துசேர்ந்த முதற்பதிவு ஒரு தாலாட்டு. அதன் நடுவே எங்கோ ஓர் ஆடு கத்துகின்றது.